படத்தில் கோடு, பழி சிப் மேல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. அப்பா வாங்கிக் கொடுத்த சூப்பர் ஃபாமிகாம் (நிண்டெண்டோவின் பழைய கேம் கன்சோல்) இன்னும் என்னிடம் இருக்கிறது. படம் மங்கலாகத் தெரிந்ததால் பலகையில் இருந்த கெபாசிட்டர்களை எல்லாம் நானே மாற்றினேன். சின்னச் சின்ன சால்டரிங் வேலை முன்பே பழக்கம்தான். மங்கல் போய்விட்டது, ஆனால் இப்போது படம் முழுக்க மெல்லிய செங்குத்துக் கோடுகள். எழுத்துகள் மேலும் விழுகிறது, பொம்மைகள் மேலும் விழுகிறது. சத்தம் சரியாக வருகிறது, ஆட்டமும் நிற்காமல் ஓடுகிறது. கடையில் காட்டினேன், "படம் போடும் சிப் போச்சு, தூக்கிப் போட்டுடுங்க" என்றார்கள். மகனுக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். வழி உண்டா?
- வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்தச் சிப் போயிருக்க வாய்ப்பு குறைவு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, பழுதுக்குப் பிறகு வரும் பழுதில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. முப்பது வருஷமாக ஓடிய சிப், நீங்கள் சால்டரிங் அயர்ன் வைத்த அதே சாயங்காலம் பார்த்துத் தானாகச் சாகுமா? சாகலாம்தான். ஆனால் அதை நம்புவதற்கு முன்னால் நம் கை எங்கெல்லாம் பட்டதோ அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் மின்சாரம். இந்தக் கன்சோலுக்குள் 7805 என்ற ரெகுலேட்டர் இருக்கிறது, வெளி அடாப்டரிலிருந்து வரும் 10 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைப்பது அதன் வேலை. ஆட்டம் ஓடும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 4.75-க்குக் கீழே இருந்தால் மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். ரெகுலேட்டரை வெப்பம் கடத்தும் தகட்டோடு திரும்ப முடுக்கினீர்களா? அதை மறந்துவிட்டு மூடியவர்களுக்கு முதல் பத்து நிமிஷம் படம் நன்றாக வரும், சூடு ஏறியதும் குப்பையாகும்.

அடுத்து, கெபாசிட்டர்களின் திசை. உருளை வடிவ எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் கறுப்புப் பட்டை இருக்கும் பக்கம் மைனஸ். பலகையின் மேலேயே ஒட்டும் டாண்டலம் வகைக் கெபாசிட்டரில் பட்டை இருக்கும் பக்கம் பிளஸ். உருளைக்குப் பதில் டாண்டலம் போட்டு, பட்டையைப் பார்த்து மைனஸ் என்று நினைத்துத் திருப்பி ஒட்டிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. புதிய கெபாசிட்டர் பழையதைவிட உயரமாக இருந்தால் மேலே மூடும் தகரக் கவசத்தில் இடிக்கும், அதையும் பாருங்கள். கவசம் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. உள்ளே இருப்பது 10 வோல்ட்தான், பயப்பட ஒன்றுமில்லை. (பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் கன்சோல்களில் இப்படித் திறந்து வைத்து ஓட்டாதீர்கள், அங்கே வீட்டு மின்சாரம் நேராக வருகிறது.)

அப்புறம் கேசட். அதன் தங்க நிறக் கால்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள், வேறு இரண்டு கேசட் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே கோடு என்றால் கோளாறு கன்சோலில் இருக்கிறது. சரி, இனிதான் முக்கியமான கட்டம்.

படத்தைப் படியுங்கள். சூப்பர் ஃபாமிகாம் ஒரு படத்தை முழுப் படமாக வைத்திருப்பதில்லை, 8க்கு 8 பிக்சல் உள்ள சின்னச் சதுரங்களைக் கோலப்புள்ளி போல அடுக்கித்தான் திரையை நிரப்புகிறது. திரையின் அகலம் பெரும்பாலான ஆட்டங்களில் 256 பிக்சல், அதாவது 32 சதுரங்கள். இந்தச் சதுரங்கள் எல்லாம் 64 கிலோபைட் வீடியோ நினைவகத்தில் இருக்கின்றன, பழைய பலகைகளில் அது ஆளுக்கு 32 கிலோபைட்டாக இரண்டு சிப்களில் இருக்கும். ஒவ்வொரு சிப்பிலிருந்தும் எட்டு டேட்டா லைன்கள், அதாவது தரவு போகும் தடங்கள், வெளியே வரும். ஒரு சதுரத்தின் ஒரு வரிசையில் எட்டு பிக்சல், ஒரு பைட்டில் எட்டு பிட், ஒரு பிட்டுக்கு ஒரு லைன். ஆக, எட்டு லைன்களில் ஒன்று அறுந்தாலோ பக்கத்து லைனோடு ஒட்டிக்கொண்டாலோ எல்லாச் சதுரத்திலும் அதே இடத்துப் பிக்சல் கெடும். அதுதான் உங்கள் திரையில் எட்டு பிக்சலுக்கு ஒன்றாக விழும் செங்குத்துக் கோடு. எண்ணிப் பாருங்கள், ஏறத்தாழ 32 வரும்.

இது நினைவகப் பக்கத்துக் கோளாறுதான் என்று உறுதி செய்ய இரண்டு சோதனை சொல்கிறேன், எந்தக் கருவியும் வேண்டாம். ஒன்று, ஆட்டத்தில் நடந்துபோங்கள். பின்னணி நகரும்போது கோடும் கூடவே நகர்கிறதா, இல்லை கண்ணாடியில் விழுந்த கீறல் மாதிரி திரையிலேயே நிற்கிறதா? கூடவே நகர்ந்தால் கோளாறு சதுரங்களின் தரவில் இருக்கிறது. நின்றால் அது படம் வெளியே போகும் பாதையில் இருக்கிறது. (பழைய பலகைகளில் திரையின் நட்டநடுவில் மங்கலாக ஒரே ஒரு வெளிர்க் கோடு தெரியும். வேலை நினைவகத்தை ஒவ்வொரு வரியிலும் ஒருமுறை புதுப்பிக்கிறபோது மின்சாரத்தில் விழும் சின்ன அசைவு அது. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இரண்டு, கதாபாத்திரத்தை வலப்பக்கம் பார்க்க வைத்து அதன் உடம்பில் கோடு எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு இடப்பக்கம் திருப்புங்கள். கோடு கண்ணாடிப் பிம்பம் போல மறுபக்கம் போனால் சந்தேகமே வேண்டாம். ஏனென்றால் இடப்பக்கத்துக்கென்று தனிப் படம் பெரும்பாலும் கிடையாது, நினைவகத்திலிருந்து எடுத்த அதே படத்தைத்தான் படம் போடும் சிப் திருப்பிப் போடுகிறது. கெட்டது திருப்புவதற்கு முன்னாலேயே கெட்டிருக்கிறது.

இரண்டு சிப்களில் எது என்பதையும் படமே சொல்லும், எனக்கு இந்தக் கன்சோலில் மிகவும் பிடித்த விஷயம் இது. எந்த இடத்தில் எந்தச் சதுரம் என்ற பட்டியலும் இதே நினைவகத்தில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலில் சதுரத்தின் எண் பெரும்பகுதி ஒரு சிப்பிலும், அதைத் தலைகீழாகப் போடு, இந்த வண்ணத் தொகுதியில் போடு என்ற கட்டளைகள் மற்ற சிப்பிலும் இருக்கும். ஆகவே 'அ' வர வேண்டிய இடத்தில் 'ம' வந்தது போல வேறு துண்டு வந்து உட்கார்ந்தால் கோளாறு முதல் சிப் பக்கம். துண்டு சரி, ஆனால் குப்புற விழுந்திருக்கிறது அல்லது நிறம் மாறியிருக்கிறது என்றால் இரண்டாவது சிப் பக்கம். இன்னும் சந்தேகம் இருந்தால் எஃப்-ஜீரோ கேசட் கிடைக்கிறதா பாருங்கள், 1990 நவம்பர் 21-இல் கன்சோலோடு சேர்ந்தே வந்த கார்ப் பந்தய ஆட்டம். அதன் பந்தயப் பாதை 'மோட் 7' என்ற முறையில் வரையப்படுகிறது, அந்த முறையில் பாதையின் வரைபடம் முழுக்க ஒரு சிப்பில், பிக்சல்களின் நிறம் முழுக்க மற்ற சிப்பில். பாதை துண்டுதுண்டாகக் கலைந்தால் முதலாவது, பாதையின் வடிவம் சரியாக இருந்து நிறம் மட்டும் தப்பினால் இரண்டாவது. வேறு எந்தக் கன்சோலும் தன் நோயை இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

சிப் எது என்று தெரிந்ததும் கன்சோலை அணைத்து, அடாப்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப் போடும் நிலையில் வையுங்கள். நினைவகச் சிப்புக்கு 28 கால். 15 முகவரிக்கு, 8 டேட்டாவுக்கு, 3 கட்டுப்பாட்டுக்கு, 2 மின்சாரத்துக்கு. ஒவ்வொரு டேட்டா காலிலிருந்தும் படம் போடும் சிப்பில் அதற்குரிய காலுக்கு பீப் வர வேண்டும். பக்கத்துப் பக்கத்து டேட்டா கால்களுக்கு இடையில் வரக் கூடாது. உங்கள் பலகையின் சுற்று வரைபடம் கையில் இல்லாவிட்டால் இன்னொரு வழி: மீட்டரை டயோடு நிலையில் வைத்து எட்டு டேட்டா கால்களையும் தரையோடு (கிரவுண்டு, அதாவது பலகையின் மைனஸ் பக்கம்) அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஏழு ஒரே மாதிரி வந்து ஒன்று மட்டும் விலகி நின்றால் அதுதான் ஆள்.

அந்த லைன் போகும் வழியில் நீங்கள் மாற்றிய கெபாசிட்டர் எது இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு அனுபவத்தில் இரண்டு விஷயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, பழைய கெபாசிட்டரைத் திருகி எடுக்கும்போது அதன் கால் ஒட்டியிருந்த செம்புத் திட்டு (பேட்) பிய்ந்து, அதை ஒட்டி ஓடிய முடி அளவுத் தடமும் சேர்ந்து அறுந்திருக்கும். இரண்டு, ஈயச் சிதறல். ஒருமுறை என் மேசைக்கு வந்த பலகையில் இதே கோடுகள், இரண்டு சாயங்காலம் சிப்பையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். பிறகு நகைக்கடையில் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் கண்ணாடியை வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், சால்டரிங்குக்குத் தடவிய ஃபிளக்ஸ் பசை காய்ந்த தேன் நிறத்துக்குள்ளே இரண்டு கால்களுக்கு நடுவில் கடுகில் கால்வாசி கூட இல்லாத ஓர் ஈய உருண்டை பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ், ஆல்கஹால், நாலு தேய்ப்பு, அவ்வளவுதான். படம் திரும்பி வந்தபோது அதைக் கொண்டுவந்தவர் எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் அந்தத் தொடக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பழைய கெபாசிட்டரை எடுக்கும்போது மீன் வாடை அடித்ததா? அப்படியென்றால் அது முன்பே ஒழுகியிருக்கிறது. ஒழுகிய திரவம் தடங்களையும், பலகையின் மேல் கீழ் அடுக்குகளை இணைக்கும் சின்னத் துளைகளையும் அரிக்கும். செம்புப் பாத்திரத்தில் களிம்பு பிடிப்பது போலப் பச்சையாக ஏதாவது துளையில் தெரிந்தால், அது அயர்னின் சூடு பட்டதும் உள்ளே விட்டுப்போயிருக்கலாம். சுரண்டிச் சுத்தம் செய்து, மெல்லிய கம்பி ஒன்றை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்து ஒட்டுங்கள்.

ஆட்டம் நிற்காமல் ஓடுகிறது, சத்தம் வருகிறது என்று எழுதினீர்களே, அது மிக நல்ல செய்தி. மூளைச் சிப்பும் வேலை நினைவகமும் நலமாக இருக்கின்றன, இல்லாவிட்டால் கறுப்புத் திரைதான் வரும். படம் போடும் சிப் என்று சொன்னேனே, பழைய பலகைகளில் அது இரண்டு சிப். அவையே போயிருந்தால் அடையாளம் பெரும்பாலும் வேறாக இருக்கும்: பின்னணி பளிச்சென்று இருக்கும், பொம்மைகள் மட்டும் அடியோடு காணாமல் போயிருக்கும், ஏனென்றால் 128 பொம்மைகளின் பட்டியல் முதல் படச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. வடிவம் எல்லாம் சரியாக இருந்து 256 நிறங்களின் பட்டியல் மட்டும் கலைந்தால் இரண்டாவது படச் சிப். உங்களுக்கு இரண்டும் இல்லை. மகனை இந்த வாரமே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தேடுங்கள், சின்னக் கண்கள் ஈய உருண்டையைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து தெரிந்தவர் ஒருவர் சூப்பர் ஃபாமிகாம் கொண்டுவந்து கொடுத்தார். பவர் ஜாக் ஆடிக்கொண்டிருந்ததால் உள்ளூரில் கொடுத்து மாற்றினேன். இப்போது பழைய பெட்டி டிவியில் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது. புது எல்இடி டிவியில் நிறம் வருகிறது, ஆனால் மினுங்க வேண்டிய நிழல்கள் மினுங்காமல் பட்டை பட்டையாகத் தெரிகின்றன. ஜாக் மாற்றியதில் ஏதாவது கெட்டுவிட்டதா?
- வாசகர், மதுரை

பதில்: இரண்டுமே பலகைக் கோளாறு இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஜப்பான் கன்சோல் கொடுப்பது என்டிஎஸ்சி என்ற டிவி முறை, வினாடிக்கு 60 தடவை, 525 வரிக் கணக்கு. நம் ஊர்ப் பழைய டிவிகள் பால் முறைக்குச் செய்யப்பட்டவை, 50 தடவை, 625 வரி. நிறத்தை ஏற்றி அனுப்பும் அலைவரிசையும் வேறு, அங்கே 3.58 மெகாஹெர்ட்ஸ், இங்கே 4.43. பால் மட்டுமே தெரிந்த டிவி படத்தை எப்படியோ பிடித்துக்கொள்ளும், நிறத்தைப் பிடிக்க முடியாது. டிவி மெனுவில் கலர் சிஸ்டம் என்று ஒன்று இருந்தால் ஆட்டோ அல்லது என்டிஎஸ்சி வைத்துப் பாருங்கள். உறுதி செய்ய வேண்டுமானால் ஏதாவது டிவிடி பிளேயரை என்டிஎஸ்சிக்கு மாற்றி அதே டிவியில் போடுங்கள், அதுவும் கறுப்பு வெள்ளையாக வந்தால் கன்சோல் மேல் குற்றமில்லை.

எல்இடி விஷயம் இதைவிடச் சுவாரசியம். அந்தக் காலத்து ஆட்டங்களில் நிழலை அரைகுறையாகத் தெரிய வைக்க ஒரு படத்தில் போட்டு அடுத்த படத்தில் எடுத்துவிடுவார்கள், பெட்டி டிவியில் அது மெல்லிய நிழலாகக் கண்ணுக்குப் படும். புது டிவிகள் பலவும் இந்தக் கன்சோலின் முழுப் படத்தை அரைப் படம் என்று தப்பாகப் புரிந்துகொண்டு, அடுத்தடுத்த இரண்டைப் பின்னி ஒன்றாக்குகின்றன. அதில் வருவதுதான் உங்கள் பட்டைகள். டிவியில் கேம் மோட் இருந்தால் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் குறையலாம்.

ஆனால் ஜாக் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைத் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள். ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, நம் 230-இல் நேராகச் செருகினால் புகைதான். அது கொடுப்பது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், நடு முனை மைனஸ். இங்கே கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடு முனை பிளஸ். ஜாக்கை மாற்றியவர் கம்பிகளை எந்தத் திசையில் வைத்தார் என்று மீட்டரால் பார்த்துவிட்டு அப்புறம் எந்த அடாப்டரையும் போடுங்கள். மாறிப்போனால் உள்ளே ஃபியூஸ் போகும், அதற்கு மேலும் போகலாம்.

கேள்வி: என் எக்ஸ்பாக்ஸ் 360-இல் முதலில் திரையில் கட்டம் கட்டமாக வந்தது, பிறகு மூன்று சிவப்பு விளக்கு. தெரிந்த பையன் ஹீட் கன் வைத்துச் சூடு காட்டினான், ஒரு மாதம் ஓடியது. இப்போது மறுபடியும் கட்டங்கள். இன்னொரு தடவை சூடு காட்டலாமா?
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: வேண்டாம். ஒரு மாதம் ஓடியது என்பதே அது குணமாகவில்லை என்பதற்கு அத்தாட்சி. சிப்புக்கும் பலகைக்கும் நடுவே உள்ள ஈயம் விரிசல் விட்டதுதான் காரணம் என்று பல வருஷம் எல்லாரும் நம்பினோம், அதனால்தான் சூடு காட்டும் வைத்தியம் பரவியது. 2021-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆவணப்படத்தில் அவர்களே சொன்னது வேறு: உடைந்தது பாகத்தின் உறைக்குள்ளே இருந்த இணைப்புகள், திரும்பத் திரும்பச் சூடாகி ஆறி ஆறி அவை விட்டுப்போயின. வெளியிலிருந்து காட்டும் சூடு அவற்றைக் கொஞ்ச நாள் தொட்டுக்கொண்டிருக்க வைக்கும், பிறகு பழையபடி விலகிவிடும். ஒவ்வொரு சூட்டுக்கும் சுற்றியுள்ள நல்ல பாகங்கள் கெடுகின்றன, அதுதான் எனக்கு வருத்தம். 2007-இல் இந்தக் கோளாறுக்காக அந்த நிறுவனம் உத்தரவாதத்தை மூன்று வருஷமாக நீட்டி நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது, அவ்வளவு பெரிய வடிவமைப்புப் பிழையை வீட்டு ஹீட் கன்னால் தீர்க்க முடியாது. வன்தட்டில் இருக்கும் சேமிப்புகளை முதலில் காப்பாற்றுங்கள், பிறகு பின்னாளில் வந்த 'எஸ்' மாடல் ஒன்றை இரண்டாம் கை விலைக்குத் தேடுங்கள்.

கேள்வி: சூப்பர் ஃபாமிகாமின் வீடியோ நினைவகச் சிப்பே உண்மையில் போய்விட்டால் இன்றைக்குக் கிடைக்குமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கிடைக்கும். அது கன்சோலுக்கென்று செய்த சிப் இல்லை, 32 கிலோபைட் எஸ்ரேம் என்ற நினைவகச் சிப், பழைய மின்னணுச் சாதனங்கள் பலவற்றில் இருந்த வகை. வாங்கும்போது உடம்பின் அகலமும் கால்களின் வரிசையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். மேலே அச்சடித்திருக்கும் நானோ செகண்ட் எண் பழையதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கட்டும், கூடினால் சிப் நல்லதாக இருந்தும் படம் கலையும். எடுக்கும்போது கால்களை ஒவ்வொன்றாக நெம்பாதீர்கள், ஹாட் ஏரில் சுற்றிலும் சூடாக்கினால் தானாக வழுக்கி வரும், பேட் பிழைக்கும்.

படம் போடும் சிப்கள் அப்படி இல்லை. அவை இந்தக் கன்சோலுக்காகவே செய்தவை, வேறு காரணத்தால் செத்த இன்னொரு பலகையிலிருந்துதான் எடுக்க வேண்டும். பின்னாளில் வந்த சில பலகைகளில் மூளைச் சிப்பும் இரண்டு படச் சிப்களும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே சிப்பாக இருக்கும், அது பழைய பலகைக்கு ஒத்துவராது. அதனால் தண்ணீர் பட்ட, உடைந்த, யாரோ பாதியில் விட்ட பலகை எங்காவது மலிவாகக் கண்ணில் பட்டால் வாங்கி ஓர் உறையில் போட்டு, எந்தப் பதிப்பு, எது வேலை செய்யவில்லை என்று எழுதி வையுங்கள்.